அறுபத்து நாலு சதுர அடி

ஆரம்பாக்கம் தாண்டிச் சோதனைச் சாவடியில்
ஆம்னி வேனையும்
அதன் பின்னால் இரண்டு சக்கரத்தில் வந்த படகையும்
ஓரம் கட்டச் சொன்னார்கள்.

பொன்னேரியில் பல் பிடுங்குகிறவன் நான்.
என் தெலுங்கு
வாய் கொப்பளிக்கக் காணும், அவ்வளவுதான்.
என்ன லோடு என்றார் பெஞ்சலய்யா.
பாய் என்று சொல்ல வேண்டும்.
சாப என்பதற்குச் சேப என்றேன்.
காலுக்குப் பதில் கொம்பு முளைத்து
பாய் மீனாகிவிட்டது.
அவர் டார்ச் அடித்து
படகின் அடிவயிற்றில் வெகுநேரம் மீன் தேடினார்.

பிறகு பதிவேடு.
நீளம் பதினாலு அடி. அகலம் ஐந்தரை.
மரத்தைச் சாய்த்துக் கட்டி
நுனியில் சிவப்புத் துணி முடிந்திருந்தேன்,
அதையும் எழுதிக்கொண்டார்.
பாய்?
மரத்தோரம் பதினைந்து, அடியோரம் எட்டு.
பேனா நின்றது.
"அப்படியானால் சாய்ந்த பக்கம் பதினேழு!"
நாயுடுபேட்டையில் கணிதம் படித்தவராம்.
இத்தனை வருடச் சர்வீசில்
மணல் லாரி, மாட்டு லாரி, மாம்பழ லாரி;
பின்னமில்லாத ஒரு முக்கோணம்
இன்றுதான் இந்த வழியாக வருகிறது.
பாதி பெருக்கி அறுபது சதுர அடி என்று எழுதி
அடிக்கோடு போட்டார்.

அறுபத்து நாலு என்றேன்.

சாய்ந்த பக்கம் நேராக இல்லை சார்,
நடுவில் நாலங்குலம் வில்லாகப் பிதுங்கும்.
கும்மிடிப்பூண்டி ஜலால் பாய்கூடச் சண்டை போட்டார்.
லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற கை.
"இழுத்துக் கட்டினால் விறைப்பாக நிற்கணும்,
நீங்க தொப்பை வைக்கச் சொல்றீங்களே."
மூன்று முறை பிரித்துத் தைத்தார்.
மூன்றாவது முறை கூலி வாங்கவில்லை,
கோபத்தில்.

பெஞ்சலய்யா கேட்டுக்கொண்டார்.
அடிக்கோட்டைப் பார்த்தார்.
"அறுபதே இருக்கட்டும்."

கணக்கில் வராத நாலு சதுர அடியோடு
ஆந்திரத்துக்குள் நுழைந்தேன்.

தடா தாண்டி ஏரி.
முழங்கால் தண்ணீரில் படகை இறக்கி
மரத்தை நிமிர்த்தியபோது
கொண்டல் இன்னும் எழவில்லை.
பாய் தொளதொளவென்று,
கொடியில் காயும் வேட்டி மாதிரி.
கரையில் வலை உலர்த்தியவன்
மோட்டார் எங்கே என்று கேட்டுச் சிரித்தான்.
பதினோரு மணிக்கு
துணியில் ஒரு சுருக்கம் நகர்ந்தது.
அப்புறம் சுருக்கமே இல்லை.
படகு ஒரு பக்கம் ஒருக்களித்துப்
பாய்ந்தது.
எத்தனை சதுர அடி இழுக்கிறது என்று
எண்ண எனக்குக் கை ஒழியவில்லை.

திரும்பும்போது இருட்டிவிட்டது.
அதே சாவடி, அதே டார்ச்.
என்ன லோடு?
வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தவன்
சுத்தமாகச் சொன்னேன்: சாப.

ஈரப் பாய்க்குள் சுருட்டியிருந்தன
வலைக்காரனிடம் வாங்கிய மூன்று மடவை.
பெஞ்சலய்யாவின் மூக்கு
என் உச்சரிப்பை நம்பவில்லை.