இடைவெளி

டாண்டெனோங், கீழே ஆப்கானியரின் ரொட்டிக் கடை,
மேலே இதய மருத்துவர்.
படியேற முடியாதவர்களுக்குப் பின்பக்கம் லிஃப்ட் உண்டு,
பாதி நாள் பழுது.
நான் கண்ணாடிக்குப் பின்னால்.
பெயர் கேட்பேன், பிறந்த தேதி கேட்பேன்,
பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்
காசு சொல்வேன்.

முழுக் கட்டணம் இருநூற்றைம்பது,
மெடிகேர் திருப்பித் தருவது எண்பத்தெட்டு,
மிச்சத்துக்கு இங்கே பெயர் கேப்.
இராசநாயகத்தாருக்கு மட்டும் தமிழில் சொன்னேன்:
"இடைவெளி நூற்று அறுபத்திரண்டு டொலர், ஐயா."
அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.
"எதுக்கும் எதுக்கும் இடையிலை, பிள்ளை?"

சிரிப்பதா என்று தெரியவில்லை.
பின்னால் வரிசை நின்றது.

மிஸஸ் ஆட்லி பெரிக்கிலிருந்து வருவாள்,
எழுபத்தெட்டு வயது, டென்னிஸ் ஆடிய தோள்.
மூன்று மாதத்துக்கொரு தடவை, தவறியதே இல்லை.
போன வாரம் வாங்கிய கடிகாரம் போல ஓடும் இதயம்;
அது ஓடுகிறதா என்று பார்த்துப்போகத்தான் வருவாள்.
கார்டைத் தட்டுவாள். டிங்.
தொகையை நோக்கிக் கண் திரும்பாது.
நல்ல மனுசி. ஈஸ்டருக்கு எங்களுக்கெல்லாம் சொக்லேட் முட்டை.
அவளில் ஒரு பிழையும் இல்லை.

இராசநாயகத்தார் மாதமொருமுறை வரவேண்டியவர்.
மார்ச்சில் மழை என்றார்.
மேயில் பேரனுக்குக் காய்ச்சல் என்றார்.
அவருடைய படிவத்தை நிரப்பியவள் நான்:
நெருங்கிய உறவு என்ற இடத்தில்
மிலோராட், அறையை வாடகைக்கு விட்டவர்.
பேரனை எங்கிருந்து எடுத்தாரோ.
ஜூலையில் ஃபோனை எடுத்தார், பேசவில்லை.
மூச்சு மட்டும் கேட்டது,
மாடிப்படி ஏறுகிறவனின் மூச்சு.
அவர் இருப்பது தரைத்தளம்.

ஐந்து மருந்துச் சீட்டையும் மருந்துக்கடையில் விரித்து வைத்து
"இதிலை எது முக்கியம்?" என்று கேட்டாராம்.
கடைப்பெண் எனக்குச் சொன்னாள்.
அவள் என்ன பதில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

வருடக் கடைசியில் கணினி ஓர் அறிக்கை தள்ளும்,
யார் எத்தனை தரம் வந்தார் என்று.
அதன்படி எங்கள் பெரிய நோயாளி மிஸஸ் ஆட்லி.
இராசநாயகத்தாரைப் போல் சுகதேகி
இந்தப் பக்கத்திலேயே கிடையாது.

எனக்கு அறுபத்திரண்டு முடிகிறது.
கைப்பையில், பஸ் கார்டுக்குப் பின்னால்,
என் பெயருக்கே ஒரு பரிந்துரைக் கடிதம் இருக்கிறது.
ஓராண்டுதான் செல்லும்.
மடித்த இடத்தில் எழுத்து அழிந்துவிட்டது.

ஓகஸ்டில் ஆஸ்பத்திரிக் கடிதம் வந்தது.
கால் வீங்கிச் சப்பாத்துக்குள் போகவில்லையாம்,
நுரையீரலில் தண்ணீராம்,
இரவு இரண்டு மணிக்கு மிலோராட் அழைத்த ஆம்புலன்ஸ்.
ஒன்பது நாள்.
ஒட்சிசன், ஊசி, தலைமாட்டில் ஒரு நர்ஸ்,
மூன்று வேளையும் ஜெலி.
அங்கே எவரும் குரலைத் தாழ்த்தவில்லை,
எவரும் காசு சொல்லவில்லை.
முழுதாக விழுந்தவனைத் தூக்க இந்த நாட்டிடம் காசு இருக்கிறது.
சறுக்குகிறபோது பிடிக்கத்தான்
நூற்று அறுபத்திரண்டு குறைகிறது.

கடிதத்தின் கடைசி வரி:
இரண்டு வாரத்துக்குள் இதய மருத்துவரைப் பார்க்கவும்.

எடுத்தேன். அவரே பேசினார், குரல் மெலிந்திருந்தது.
"அந்த இடைவெளி இப்ப எவ்வளவு, பிள்ளை?"
ஜூலையிலிருந்து நூற்று எழுபது.
நான் சொன்னது: "வாங்கோ. வியாழக்கிழமை பத்தரை.
லிஃப்ட் வேலை செய்யுது."

வந்தார். தொப்பி இல்லை.
அவர் உள்ளே இருந்தபோது
யாரிடமும் கேட்காமல்
காசில்லை என்பதற்கான குறியீட்டைத் தட்டினேன்.
டிங் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மேலாளர் பட்டியலை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.
அவர் பெயருக்குப் பக்கத்தில்
நீலப் பேனாவில் ஒரு கேள்விக்குறி.

திங்கள் வந்துவிட்டது.
தாள் அங்கேயே இருக்கிறது.
முதல் ஆள் மிஸஸ் ஆட்லி,
மழைக்கோட்டை உதறியபடி,
"எப்படி இருக்கிறாய்?" என்று என்னைக் கேட்கிறாள்.