பங்காளிகள்

பேர்ண் நகரம். நிலத்துக்குக் கீழே இரண்டாம் தளம்.
கதவுக்கு அந்தப் பக்கம் ஜூலை;
உடுப்புப் பையை நெஞ்சோடு அணைத்தபடி
ஆட்கள் ஆரே ஆற்றில் மிதந்து போகிறார்கள்.
இந்தப் பக்கம் கழித்தல் இருபது.
பட்டைவாளுக்கு முன்னால் நான்,
இரண்டு கையுறை, மூன்று காலுறை.
(பத்தொன்பது வயதில் ஓல்ரன் கோழிக் கிடங்கில்
குளிர் பழகினேன். அங்கே கையுறை ஒன்றுதான் தந்தார்கள்.)

மேசையில் பை எண் ஆயிரத்து எழுநூற்றுப் பதினான்கு,
பச்சைப் பேனையால் எழுதியது: ஓடீலின் கை.
தமிழில் முன்பனி உண்டு, பின்பனி உண்டு,
இரண்டும் வெயில் ஏறினால் போய்விடும்.
இது எட்டாயிரம் வருடம் போகாமல் கிடந்தது.

வெட்டும் படம் சுவரில் ஒட்டியிருக்கிறது,
காணி பிரிக்க நில அளவையாளர் கீறிய படம் மாதிரி.
வெளி ஓரம் பிரெமர்ஹாவனுக்கு.
தூசி எண்ணுபவர்கள் கேம்பிரிட்ஜில்,
அவர்களுக்கு இரண்டு விரல் தடிப்பு.
நடுவில், குமிழிக்குள் இருக்கும் காற்றுக்காக, ஆளுக்கொரு கீற்று:
ஒன்று கிரனோபிளுக்கு, ஒன்று எங்களுக்கு.
மிச்சப் பாதி ஒருவருக்கும் இல்லை.
இன்னும் கண்டுபிடிக்காத கருவியோடு
இன்னும் பிறக்காத யாரோ வருவார்கள் என்று
அதை அங்கேயே, அந்தாட்டிக்காவில், விட்டு வந்தார்கள்.

எங்கள் மொழியில் பங்காளி என்றால்
பங்குள்ளவன்.
வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டதற்காக
மூன்று தலைமுறை முகம் பாராதவனும் அவன்தான்.
இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தவர்கள்
ஏதோ ஒரு ஆய்வுக் கூட்டத்தில் இருந்திருக்கிறார்கள்.

மார்ச்சில் தொடங்கியது.
அதே ஆழம், அதே பனி, அதே வருடம்.
மீதேன், நூறு கோடி மூலக்கூறில்
எனக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு,
அவளுக்கு அறுநூறு.
பதினொரு நாட்டுக் குழுவுக்குப் படம் போட்டுக் காட்டினார்கள்:
எங்கள் இரண்டு கோடுகளும் தண்டவாளம் மாதிரி,
பக்கத்தில், சேராமல்.
முதல் கடிதத்தில் அன்புள்ள தர்மினி.
மூன்றாவதில் தர்மினி.
ஐந்தாவதில் எண்கள் மட்டும்.
உருளையில் அடைத்த காற்றை அவளுக்கு அனுப்பினேன்.
அளந்து திருப்பினாள். இருவருக்கும் ஒரே விடை.
அப்போதும் எழுதினேன்,
பிழை உங்கள் பக்கம்.

ஏப்ரல், ஒரு வெள்ளி இரவு,
குமிழியில்லாப் பனியோடு தெரிந்த காற்றை விட்டு
உருக்கிப் பார்த்தேன். பன்னிரண்டு கூடியது.
பாத்திரத்தின் வாயில் கறுப்பு றப்பர் வளையம்;
நகத்தால் வளைத்தபோது
ஒரு மயிரிழை விரிசல்.
அதற்குள்ளால் புகுந்திருக்கிறது
சந்தியில் நிற்கும் பேருந்து, எம்மென்ரால் மாடுகள்,
என் வீட்டு எரிவாயு அடுப்பு, இந்த நூற்றாண்டு.
நூறில் ஒரு பங்கு போதும்,
எட்டாயிரம் வருடத்தைப் பொய் சொல்ல வைக்க.

நாற்பத்தொரு மாதிரியைச் சிவப்பால் வெட்டினேன்.
உருகிய பனிக்கு மேன்முறையீடு கிடையாது.
கடிதத்தை நாலு தரம் எழுதி அழித்துவிட்டு
கடைசியில் போனில் சொன்னேன்.
மறுமுனையில் ஒரு கதிரை இழுபட்டது.
பிறகு ஓடீல்:
என் பங்கில் ஒன்பது துண்டு இருக்கிறது.
வைத்திருந்தேன், உன்னைப் பிழை என்று நிரூபிக்க.
எடுத்துக்கொள்.

அதில் முதலாவது இது.
வாள் கீச்சிட்டு இறங்குகிறது,
துருவல் சப்பாத்தின் மேல் கொட்டுகிறது.
வெளியறையில் புது வளையம். நான் இரண்டு தரம் இறுக்கினேன்,
மூன்றாம் தரம், கேளாமலே, உர்ஸ்.
கண்ணாடியில் காதை வைத்தால்
பக்கத்து அறையில் யாரோ நெட்டி முறிப்பதுபோல்
குமிழிகள் உடைகின்றன.

அறுநூற்று ஒன்று.

அந்த ஒன்று இன்னும் இடிக்கிறது.
எழுதத் தொடங்குகிறேன்:
அன்புள்ள ஓடீல்,