கதவோரப் பை

இக்கீக்கேயில், கடலுக்கு
ஒன்பது மீட்டர் மேலே எங்கள் வீடு.
பையை நிரப்பிக் கதவோரம் வைத்தவள் நெலிதா.

டார்ச் பாட்டரியை ரிமோட்டுக்கு எடுத்தது நான்.
ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போயிருந்தது.
குழாய் வறண்ட ஞாயிறு தண்ணீரைக் குடித்தது,
மீன் டின்னை மாசக் கடைசி.
உறையிலிருந்த பணம் காஸ்காரனுக்கு.
சாக்லெட் பற்றி
நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

நேற்று ராத்திரி இரண்டரைக்கு
தெருவின் செல்போன்கள் எல்லாம்
ஒரே குரலில் அலறின.

மேட்டில், கம்பளி போர்த்திய கூட்டத்தின் நடுவே
ஜிப்பைத் திறந்தாள்.
ஒரு விசில்.
என் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு:
'பாட்டரி இரண்டு. திங்கள் வைத்துவிடுகிறேன்.'

எந்தத் திங்கள் என்று அவள் கேட்கவில்லை.
விசிலை மட்டும்
என் கழுத்தில் மாட்டினாள்.

கடல் வரவில்லை.
விடிந்து இறங்கும்போது
பையை நான்தான் தூக்கினேன்,
கனமே இல்லை,
இருந்தாலும்.