பத்துக்கு எட்டு

வெண்கலம் வந்தது இரவு பதினொன்றே முக்காலுக்கு.
பன்னிரண்டு அடிப்பதற்குள்
மண்டித் தெருவில் என் ஃப்ளெக்ஸ் கடைக்கு
முதல் ஆர்டர் வந்துவிட்டது.

விருதம்பட்டு எப்சிபா
எண்பத்தெட்டு கிலோவைத்
தலைக்கு மேல் நிறுத்தியிருக்கும் போட்டோ.
எல்லோர் செல்போனிலும் அது ஒன்றுதான்.
வலது முழங்கால் அதில் நடுங்குகிறது.
அசையாத படம்தான்,
பெரிதாக்கிப் பார்க்கிறவனுக்குத் தெரியும்.

பத்துக்கு எட்டு, என்றார் வட்டச் செயலாளர்.
தலைவர் ஆளுயரம்,
மாவட்டம் இடுப்புயரம்,
"அந்தப் பொண்ணு கீழ் மூலையில இருந்தா போதும்பா."
எதிர்க்கட்சி பன்னிரண்டுக்கு எட்டு கேட்டது.
இறந்துபோன தலைவர்கள்
மேகத்திலிருந்து அவள்மேல் பூத்தூவ வேண்டும்.

சங்கத்துக்காரர் ஒருவர்
கல்லாப் பெட்டிமேல் குனிந்து
மெல்லக் கேட்டார்:
"இன்னா ஆளுங்கப்பா அது?"
சொன்னேன்.
எடுத்து வைத்த அட்வான்ஸைத்
திரும்பச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு
டீயை மட்டும் குடித்துவிட்டுப் போனார்.
அரைமணியில் இன்னொரு சங்கம் வந்தது.
"எங்க பொண்ணு" என்று அழுதேவிட்டார் அதன் செயலாளர்.
அவள் பெயரைவிடச் சங்கத்தின் பெயர்
இரண்டு மடங்கு எழுத்தில் வேண்டும்.

கடைசியாக வந்தவரை எனக்குத் தெரியும்.
போன வருஷம் மேட்ச் முடிந்த ராத்திரி
இதே வாசலில் என் காலரைப் பிடித்து
"எவன் சிக்ஸருக்குடா கை தட்டினே?" என்றவர்.
நான் தட்டியது கொசுவை.
இன்று தோளில் கை போட்டிருந்தார்.
"நம்ம பொண்ணு, யூனுஸ்.
நாட்டுக்கே பெருமை.
பின்னால கொடி பெருசா பறக்கட்டும்.
கழுத்துல அந்தச் சிலுவைய மட்டும் எடுத்துடு.
ஒரு பொட்டு வெச்சா லட்சணமா இருக்கும்."

வைத்தேன்.
எடுத்தேன்.
பக்கத்துத் தோலை நகலெடுத்து
சிலுவை கிடந்த இடத்தை மூடுவது
எனக்கு இரண்டு நிமிட வேலை.
ஐந்தாவது நிமிடம்
மிஷின் ஓடத் தொடங்கியது.

காலை ஏழரைக்கு அவள் அப்பா வந்தார்.
ஞானசிகாமணி, சி.எம்.சி.யில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்.
அசாம், ஜார்க்கண்ட், கொல்கத்தா,
எல்லைக்கு அந்தப் பக்கம் டாக்கா என்று
எங்கிருந்தெல்லாமோ வந்து படுப்பவர்களிடம்
"வலிக்குதா?" என்று
ஆறு பாஷையில் கேட்கத் தெரிந்தவர்.
நைட் டியூட்டி கண்ணோடு
மானிட்டரில் மகளைப் பார்த்தார்.
கழுத்தருகே விரல் வைத்தார்.
திரையில் ரேகை பதிந்தது.

"அவ அம்மா செயினு தம்பி அது."

செய்ததைத் திருப்பும் பொத்தானை
அழுத்தி அழுத்திப் பார்த்தேன்.
ஒருமுறை சேமித்து மூடிவிட்டால்
கோப்பு பின்னால் போகாது.
செல்போனில் வந்த பழைய படத்தையே
மறுபடி திறந்தேன்.

"மூணுக்கு ரெண்டு போதும். ஊட்டு வாசலுக்கு."
என்ன எழுதட்டும்?
வெகுநேரம் யோசித்து,
"எண்பத்தெட்டு."
கொடி?
"சட்டையிலயே கீதே."

பாக்கி நோட்டில்
மற்ற நான்கு பெயரும் இன்னும் அடிபடவில்லை.
ஆறு சதுர அடிக்கு நூற்றிருபதை
எச்சில் தொட்டு எண்ணித் தந்தவர்
அவர் ஒருவர்தான்.

ஐப்பசியில் கோர்ட்டு உத்தரவு என்று
மாநகராட்சி லாரி வருமுன்னே
இருட்டில் யாரோ அவிழ்த்துக்கொண்டு போயிருந்தார்கள்.
சத்துவாச்சாரியில் அவள் பழகும் ஷெட்டுக்கு
ஓட்டைக் கூரை.
அதன்மேல் ஏறிக்கிடக்கிறது பத்துக்கு எட்டு,
தலைவர் குப்புற.
பக்கத்தில் பன்னிரண்டுக்கு எட்டும்
கொடியும் பொட்டும்.
எது எவருடையது என்று
மேலே நின்று பார்க்கிற காக்காய்க்கு
வெறும் வெள்ளைதான்.

கயிறு கட்டப் போட்ட துளை
யார் கண்ணிலோ அமைந்துவிட்டது போல.
மழை நாளில் அதன் வழியே
சரியாக அவள் நிற்கும் பலகையில்
சொட்டுகிறதாம்.

கையில் பவுடரைத் தேய்த்துக்கொண்டு
பலகையைக் காலால் ஓரடி தள்ளிவிட்டுக்
குனிகிறாளாம்
தொண்ணூறுக்கு.