இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி

இரவு ஒன்று இருபது.
நான் உள்ளே இருப்பது தெரியாமல்
காளவாசல் அலுவலகத்தின் ஏசியை
அணைத்துவிட்டுப் போயிருந்தார் வாட்ச்மேன்.

இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியில்
மெர்ஜ் நின்றுவிட்டது.
இடப்பக்கம் பார்த்த ஏழு அம்புகள்,
அடியில் சுருளிவேல் எழுதியது.
ஏழு சமக்குறிகள்.
அடியில் ஜெஸிந்தா எழுதியது,
வலப்பக்கம் பார்த்த ஏழு அம்புகள்.
பாகம் பிரித்த வீடு மாதிரி
ஒரே வரிக்குள் இரண்டு உலை.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில்
எடை பில் போடும் நிரல் இது.
நாலு மணிக்குக் கடை திறந்துவிடும்.

ஈரக் கழிவு கிலோவுக்கு ஐம்பது கிராம்:
இது சுருளி.
ஐப்பசி மழையில் ஒரு நாள் போய்
மல்லிச் சாக்கைப் பிழிந்து பார்த்துவிட்டு
சட்டை காய்வதற்குள் எழுதியது.

இருபதுக்கு மேல் ஒரு கிராம் கூடாது:
இது ஜெஸிந்தா.
வலையங்குளத்துப் பெண் ஒருத்தி
தராசுத் தட்டைப் பிடித்துக்கொண்டு
விடமாட்டேன் என்று நின்ற அரைமணி நேரம்
பக்கத்தில் நின்றவள்.

கிட்டுக்கு இரண்டும் வெறும் எழுத்து.
எது நியாயம் என்று அதற்குத் தெரியாது.
தெரிந்ததுபோல நடிக்கவும் தெரியாது.
அந்தமட்டில் நல்லது,
நின்று கூப்பிடுகிறது.

இரண்டையும் வைத்துக்கொண்டால்?
வைத்துப் பார்த்தேன்.
ஐம்பதும் போகும், அப்புறம் இருபதும் போகும்.
சண்டை தீர்ந்துவிடும்,
கிலோவுக்கு எழுபது கிராம்
யாரோ ஒருவருடைய விடியற்காலையிலிருந்து.

சுருளிக்குப் போன் போட்டேன்.
ஆண்டிபட்டியில், மாமனார் வீட்டு மொட்டை மாடியில்
சிக்னல் தேடி நடந்துகொண்டே,
"அக்கா, அவங்க போட்டதே இருக்கட்டும்.
நான் அன்னைக்குக் கோவத்துல எழுதிட்டேன்."
ஜெஸிந்தா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.
"சுருளி சொன்னதையே வைங்க.
மழைன்னா தண்ணிக்கும் சேத்துல்ல
காசு குடுக்குறாங்க யாவாரிங்க."
இருவரும் விட்டுக்கொடுத்துவிட்டார்கள்.
மோதல் அப்படியே இருந்தது,
ஆட்கள் மட்டும் பக்கம் மாறி நின்றார்கள்.

இரண்டு கிளையும் பிரியுமுன் இருந்த
பழைய வரியைத் திறந்தேன்.
கழிவு: பூஜ்யம்.
மூன்று வருடத்துக்கு முன்
மார்க்கெட் பக்கம் ஒரு நாளும் போகாமல்
எழுதியது நான்.
பூவில் தண்ணீர் இருக்கும் என்று
தோன்றவே இல்லை எனக்கு,
அன்றும் தலையில் வைத்துக்கொண்டுதான்
வேலைக்கு வந்திருப்பேன்.

மூன்றாவதாக ஒன்றைக் கையால் எழுதினேன்.
சாக்கு நனைந்திருந்தால் ஐம்பது,
இல்லையென்றால் இருபது.
நனைந்ததா என்று நிரலுக்கு யார் சொல்வது?
திரையில் ஒரு சின்னக் கட்டம் வைத்தேன்: 'ஈரமா?'
எடை போடுகிறவர் சாக்குக்குள் கைவிட்டுப் பார்த்துத்தான்
அதைத் தொட வேண்டும்.
என்னால் முடிந்தது இவ்வளவு:
கேள்வியைக் காளவாசலிலிருந்து
மாட்டுத்தாவணிக்கு அனுப்பிவைப்பது.

அம்புகளை அழித்தேன்.
மேலே ஏழு, கீழே ஏழு.
மூன்று நாற்பதுக்கு எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு
பைபாஸ் சாலையில் டீ குடிக்கையில் போன்.
கமிஷன் கடை மொக்கச்சாமி.
"என்னம்மா, பில்லுக்கு நடுவுல
கோடு கோடா விழுகுது?"

பில்லின் அச்சுப் படிவத்திலும் ஒரு மோதல்.
மேலும் கீழும் அழித்தவள்
நடுவை மறந்திருக்கிறேன்.
மல்லி ஆறு கிலோ முந்நூறு,
அதற்கடியில் ஏழு சமக்குறி,
அதற்கடியில் கடையின் கணக்கு.

"இப்பவே எடுத்துடுறேன்ணே."
"எடுத்துறாத.
மேல அவுகளுக்கு, கீழ நமக்கு.
அதுல மடிச்சுக் கிழிச்சா நேரா வருது."

அவர் வைப்பதற்குள்
பின்னால் ஒரு பெண் குரல்:
"யோவ், மொதல்ல கைய விட்டுப் பாருய்யா!"