கீரிமலையில் செவ்வாய்க்கிழமைகள்

யாழ்ப்பாண பஸ் நிலையத்தில்
முப்பத்தொரு வருடம் நேரம் எழுதினேன்.
மூன்று நிமிடம் பிந்தினாலும்
சிவப்பு மையில் ஒரு கோடு.
சாரதிமார் என்னைத் திட்டுவது
கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் கேட்கும்.

இப்போது அறுபத்தெட்டு வயதில்
கேணியின் நாலாம் படியில்
அரைக் காற்சட்டையோடு நிற்கிறேன்,
எவ்வளவு பிந்தி என்று கணக்குப் பார்க்காமல்.

பார்த்தேன்.
முப்பத்திரண்டு வருடம்.

கிளாலியில் அன்று நிலவில்லை.
படகுக்குள் காலடியில் தண்ணீர்,
மடியில் மகன். அவன் நெஞ்சில் ஓட்டை என்று
கொழும்புக்குத் துண்டு எழுதிக் கொடுத்திருந்தார் டொக்டர்.
தூரத்தில் ஒரு வெளிச்சம் திரும்பி எங்களைத் தேடியது.
எல்லாரும் கடவுளைக் கூப்பிட்டார்கள்.
லோசனியும் கூப்பிட்டாள்,
கூப்பிட்டு முடித்து என் காதுக்குள் சொன்னாள்:
"உயிரோட திரும்பி வந்தா நீந்தப் பழகுங்கோ.
வீட்டில ஒருத்தருக்காவது தெரிய வேணும்."

திரும்பி வந்தோம்.
கேணி அப்போது முட்கம்பிக்கு அந்தப் பக்கம்.
கம்பியை எடுத்தபோது என் முழங்காலில் நோவு.
நோவு குறைந்தபோது அவளுக்கு வருத்தம்.
முப்பத்தோராம் நாள்
மதிலுக்கு அப்பால் கடலில் அவளைக் கரைத்துவிட்டு
இதே படியைப் பிடித்தபடி
மூன்று முறை தலையை நனைத்தேன்.
பிடித்த கையை விடவில்லை.

என் கடவுள் நம்பிக்கை
தரிப்பிடத்தில் ஒட்டிய நேர அட்டவணை மாதிரி.
இருக்கும். அதை நம்பி நான் நின்றதில்லை.
அவள் அப்படியல்ல.
பஸ் ஓடாத நாட்களிலும் சந்தியில் போய் நிற்பாள்,
ஏதாவது உழவு மெசின் வந்து ஏற்றிப் போகும்.

பழக்குகிறவன் நிறோஜன். பதினைந்து வயது.
ஒரு நாளைக்கு ஒரு ரோல்ஸ், ஒரு சோடா கூலி.
"ஐயா, தண்ணியோட சண்டை பிடிக்காதேங்கோ.
பின்னால சாயுங்கோ. என்ர கை இருக்கு."
சாய்ந்தேன். கை இருக்கவில்லை.
மூக்கால் குடித்த தண்ணீர் கொஞ்சமல்ல.
மதிலிலிருந்து குதிக்கிற பெடியள்
குதிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள்.
அந்தியேட்டிக்கு வந்த ஒருவர்
ஈர வேட்டியோடு நின்று என்னைப் பார்த்தார்,
நான் சிரிக்கலாமா என்று கேட்பவர் போல.

மகன் நோர்வேயிலிருந்து அழைத்தான்.
"அப்பா, உந்த வயசில உதென்ன விசர் வேலை?"
ஓட்டை அடைத்த நெஞ்சு அவனுக்கு,
நல்ல பலமாகத்தான் கத்துகிறது.
அந்தப் படகு அவனுக்கு ஞாபகமில்லை.
நான் சொல்லவுமில்லை.
"வெக்கைக்குக் குளிக்கப் போறன்" என்றேன்.

ஏழாவது செவ்வாய்.
கூட்டமில்லை. ஒரு காகம், சவர்க்காரப் பெட்டி,
அடியிலிருந்து ஊறும் குளிர் முதுகில் தட்டியது.
நான் ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை.
லோசனியின் குரல் கேட்டது என்றும் சொல்லமாட்டேன்.
கழுத்தைத்தான் விட்டேன்,
ஒரு தலையணையில் விடுவது போல.
காது இரண்டும் மூட,
மதிலுக்கு வெளியே கடல் அடிப்பது
உள்ளே, வயிற்றுக்குக் கிட்டக் கேட்டது.
வானம் இருந்தது. நானும் இருந்தேன்.
யாரும் என்னைப் பிடித்திருக்கவில்லை.
அல்லது,
அதை எழுத என்னிடம் நிரல் இல்லை.

பிறகு நினைத்தேன், மிதக்கிறேன் என்று.
உடனே தாண்டேன்.

பழைய கொப்பியில் அன்று பதிந்தேன்:
மிதந்தது, நான்கு செக்கன்.
நீல மை.
"கடலுக்கு எப்ப?" என்று கேட்டதற்கு
நிறோஜன் ரோல்ஸைக் கடித்தபடி
"அது வேற, ஐயா" என்றான்.
வேற என்றால் வேறதான்.
இல்லை என்று அவன் சொல்லவில்லையே.

திரும்பிவர பஸ் பன்னிரண்டு நிமிடம் பிந்தியது.
துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன்.
ஏறினேன்.
கொண்டக்டர் எங்கே இறக்கம் என்று கேட்டிருக்க வேண்டும்.
இணுவில் தாண்டிக் கொக்குவிலும் வந்துவிட்டது.
இடது காதுக்குள் இன்னும் கேணி.