ஏழு யூரோ நாற்பது சதம்

மிலேனாவுக்கு இன்னும்
ஏழு யூரோ நாற்பது சதம் கொடுக்க வேண்டும்.
செயலி அப்படித்தான் சொல்கிறது, சிவப்பு எழுத்தில்.
எம்ரே கணக்கு முடித்துவிட்டான். டியோகோவும்.
இசுரி மாத்தறையில் போய் இறங்கிய அன்றே
பெட்டி திறக்க முன்னம் தீர்த்துவிட்டாள்.
நான் மட்டும் பாக்கி.

பிரதான வீதி வங்கியில் கேட்டேன்.
கண்ணாடிக்கு அப்பால் இருந்தவர்
“எழுநூறா?” என்றார்.
“ஏழு.”
படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு
அனுப்புகூலி சொன்னார்.
அந்தக் காசுக்கு
பிராக்கிலிருந்து வியன்னாவுக்கு
இன்னொருமுறை போய்வரலாம்,
கடைசி சீற்றில், கழிவறைக் கதவோடு.
வெளியே, பஸ் நிலையத்தில்,
யாரோ எறிந்த ரிக்கெற்றை
ஒரு மான் மென்றுகொண்டிருந்தது.

ஈஸ்டர் விடுமுறை. பதினொரு நாள். ஐந்து பேர்.
கிராக்கோவில் வகுப்பு முடிந்த இரவே ஏறினோம்.
பிராக்கின் பாலம் எனக்கு நினைவில்லை.
பாலத்தில் எம்ரேயின் சப்பாத்து வாய்பிளந்ததும்
பசை வாங்கியதும் நினைவிருக்கிறது:
எண்பத்தொன்பது கொருனா, ஐந்தால் பிரித்தது.
வியன்னாவில் ஓபரா, நின்று பார்க்கும் ரிக்கெற்.
மூன்றாம் அங்கத்தில் இசுரி
நின்றபடியே தூங்கி
பக்கத்தில் நின்ற ஒருவரின் தோளில் சாய்ந்தாள்.
எல்லோரும் கைதட்டினார்கள்.
அவர் தட்டவில்லை,
அவள் எழும்பிவிடுவாள் என்று.
பிராட்டிஸ்லாவாவில் மழை;
விடுதிக் கேத்தலில் சோறு வைத்தோம்.
மிஞ்சிய அரிசியை டியோகோ
லுபியானா வரை சுமந்து வந்தான்,
ஏனென்று அவனுக்கும் தெரியாது.

அதற்கப்பால் எல்லையில் பஸ் நின்றது.
இரண்டு பொலிஸ். ஒருவர் படியிலேயே நின்றார்.
மற்றவர் நடுவழியால், அவசரமில்லாமல் வந்து
எங்கள் இருவரிடம் மட்டும் கேட்டார்.
ஒரே சிங்கம் பொறித்த இரண்டு கடவுச்சீட்டு.
இசுரி பையைக் கிண்டினாள்:
சீப்பு, ஒற்றைக் காலுறை, சொக்லேற்.
என்னுடையது கையில் இருந்தது.
அவர் கேட்க முன்னமே.
பஸ் வேகம் குறையத் தொடங்கியபோதே.

பஸ் திரும்ப ஓடினபிறகு
“நீ எப்படி முதலே எடுத்து வைச்சிருந்தாய்?” என்றாள்.
கை தானாக எடுத்தது என்றேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
ஜன்னலைப் பார்த்தபடி
சொக்லேற்றை உடைத்துப்
பெரிய பாதியைத் தந்தாள்.
அது கணக்கில் ஏறவில்லை.

கடைசி ஊர் திரியெஸ்தே.
“உன் ஊர்ப் பெயரை எழுதப் போய்
பாதியில் களைத்துவிட்டார்கள்” என்றாள் மிலேனா.
அங்கே கடலுக்குள் நீளும் கல்மேடையின்
நுனிவரை நடக்கலாம்.
ஒருவரும் எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை.
நான் இரண்டுதரம் திரும்பிப் பார்த்தேன்.
காற்று ஆளைத் தள்ளியது.
என் வங்கி அட்டை மூன்றுமுறை மறுத்தது.
மிலேனா வாங்கித் தந்தாள்,
கடதாசிச் சரையில் பொரித்த நெத்தலி,
ஒரு துண்டு எலுமிச்சை.
தூள் இல்லை. தலையும் இல்லை.
தலைகள் எங்கே என்றேன்.
நாலுபேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.
நான் உண்மையாகத்தான் கேட்டேன்.

மாதம் ஒருமுறை
‘நினைவூட்டு’ பொத்தானை அவள் அழுத்துகிறாள்.
வேறொன்றும் எழுதுவதில்லை.
நானும் இல்லை.

இன்றைக்கு அது வந்தபோது
உட்துறைமுக வீதி மதிலில் இருந்தேன்.
கரண்ட் போய், ஊர் இருட்டில் கிடக்க
கடற்படைப் பக்கம் மட்டும் வெளிச்சம்.
செயலியைத் திறந்து புதுச்செலவு போட்டேன்.
நெத்தலிப் பொரியல், தலையோடு, திருகோணமலை.
கொடுத்தது நான்.
பிரிப்பது ஐந்தாக.
திகதி கேட்டது.
வெறுமையாக விட ஏலாதாம்.
வருகிற ஏப்ரலில் கைபட்ட ஒரு நாளைப் போட்டேன்.

மூன்று நிமிடத்தில் இசுரி:
“அன்றைக்கு எனக்குச் சோதனை.
வேற நாள் போடு.”